மொத்தம் எத்தனை மா?

மன்னார்குடியில் என் ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு மர பெஞ்சு கிடக்கும். பகலெல்லாம் சிட்டா, அடங்கல் எடுக்க வருகிறவர்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் பெஞ்சு எங்களுக்கு. உரக்கடை மாமா, பேங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பா, எதிர்வீட்டுத் தம்பி, அப்புறம் நான். கல்யாணப் பந்தியில் யார் வீட்டு ரசம் நன்றாக இருந்தது, கல்லணையில் எத்தனை கன அடி விடுகிறார்கள் என்று எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். வோடபோன் ஐடியா பிழைக்குமா, பிழைக்காதா?

நாலு பேரிடமும் அந்தப் பங்கு இருக்கிறது. மாமா ஐடியா தனிக் கம்பெனியாக இருந்த காலத்தில் வாங்கியவர். 2018 ஆகஸ்டில் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்தபோது, "இனிமே நாட்டுலயே பெரிய செல்போன் கம்பெனி நம்மளுது" என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். சித்தப்பா 2019இல், பழைய பங்குதாரர்களுக்குப் புதுப் பங்கு கொடுக்கும் உரிமைப் பங்கு வெளியீட்டில் பன்னிரண்டரை ரூபாய் வீதம் பணம் கட்டியவர். தம்பி 2023இல் ஆறு ரூபாய் சொச்சத்துக்கு வாங்கிவிட்டு, எங்களையெல்லாம் பரிதாபமாகப் பார்ப்பவன். நான் 2024 ஏப்ரலில் 18,000 கோடி ரூபாய்க்கு எஃப்பிஓ, அதாவது பொதுமக்களுக்கு மறுபடி புதுப் பங்கு விற்பனை, வந்தபோது ஒரு லாட் போட்டேன். 1,298 பங்கு, பங்கு பதினோரு ரூபாய், மொத்தம் 14,278 ரூபாய். புது ஜெராக்ஸ் மெஷினுக்கு முன்பணமாக எடுத்து வைத்திருந்த தொகை அது.

பங்கு என்பது எங்கள் பக்கத்துக்கு அந்நியமான சமாசாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்று சிட்டி யூனியன் பேங்க் என்று அறியப்படுவது 1904இல் கும்பகோணத்தில் ஆரம்பித்த வங்கி. பங்கு, டிவிடெண்ட் என்ற வார்த்தைகளைக் கேட்டு வளர்ந்த வீடுகள் இங்கே உண்டு. எங்கள் சித்தப்பாவின் பீரோவில் நிலப் பத்திரத்தோடு ஒரு பழைய பங்குப் பத்திரமும் நாப்தலின் உருண்டை வாசனையோடு இருக்கிறது. 2000இல் கம்ப்யூட்டர் என்று பெயரில் இருந்தாலே விலை ஏறிய காலத்தில் ஒரு சென்னை சாஃப்ட்வேர் கம்பெனியில் போட்டது. 2001 மார்ச்சில் சந்தை கவிழ்ந்ததோடு சரி. தாள் மட்டும் இன்னும் மொடமொடவென்று இருக்கிறது. அவர் அதை யாரிடமும் காட்ட மாட்டார். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியாது.

வருது, வருது

ஏஜிஆர் கதையை நீட்டிச் சொல்லப் போவதில்லை. செல்போன் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் அரசாங்கத்துக்குத் தர வேண்டிய பங்கை எப்படிக் கணக்கிடுவது என்ற வழக்கு அது. 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கம்பெனிகளுக்கு எதிராக வந்தது. அடுத்த மாதமே ஒரு காலாண்டுக்கு 50,922 கோடி ரூபாய் நஷ்டம் என்று கணக்கு வெளியானது. சித்தப்பா பேப்பரில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து எத்தனை சைபர் என்று ஓரத்தில் எழுதிப் பார்த்தது நினைவிருக்கிறது. பழக்கதோஷம், பேங்கில் முப்பது வருஷம் லெட்ஜர் எழுதியவர். டிசம்பரில் கம்பெனித் தலைவர் குமார் மங்கலம் பிர்லாவே, அரசாங்கம் கை கொடுக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்கிற மாதிரி பேசினார். மாமா அன்றைக்கு பெஞ்சுக்கு வரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. எங்கள் பேச்சு முழுக்க முழுக்கப் 'பணம் எங்கிருந்து வரும்' என்பதாக மாறிப்போனது. 2020 மே மாதம், கூகுள் பங்கு வாங்கப் பார்க்கிறது என்று ஒரு செய்தி பரவியது. அப்படி எதுவும் பரிசீலனையில் இல்லை என்று கம்பெனி சொன்னது. மாமா நம்பவில்லை. "இல்லன்னு சொன்னா இருக்குன்னுதாண்டா அர்த்தம், பொண்ணு வீட்டுல கேட்டா அப்படித்தானே சொல்லுவாங்க" என்றார். ஜூலையில் கூகுள் 33,737 கோடியைக் கொண்டுபோய் ஜியோவில் போட்டது. பொண்ணு பக்கத்து வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போய்விட்டது.

2021 ஆகஸ்டில் பிர்லா தலைவர் பதவியிலிருந்து விலகினார். தங்கள் பங்கை அரசாங்கத்திடமோ, அரசு சொல்கிறவரிடமோ கொடுக்கத் தயார் என்று அவர் எழுதிய கடிதமும் அப்போதுதான் வெளியே வந்தது. செப்டம்பரில் மத்திய அரசு நாலு வருஷம் தவணைக்கு ஓய்வு கொடுத்தது. உடனே மாமா, "பாத்தியா, விட மாட்டாங்க" என்றார். 2024இல் எஃப்பிஓ முடிந்ததும், பேங்க் கடன் 25,000 கோடி வரப்போகிறது என்பது அடுத்த பேச்சு. தம்பி அதைக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் தினமும் சொன்னான். செப்டம்பரில் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி இரண்டரை ரூபாய் என்று இலக்கு விலை போட்டபோது சந்தையே ஆடியது. அதே மாதம் ஏஜிஆர் வழக்கில் சீராய்வு மனுவையும் தாண்டிக் கடைசி வழியாக இருந்த கியூரேட்டிவ் மனுவும் தள்ளுபடியானது. பெஞ்சில் இரண்டு கட்சி. பிழைக்கும் என்று மாமாவும் தம்பியும். பிழைக்காது என்று சித்தப்பா. நான் அன்றன்றைக்கு விலையைப் பொறுத்து.

பிழைக்காது என்று சொன்ன சித்தப்பாவும் விற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கேட்டால், "ஆவரேஜ் வரட்டும், வித்துடலாம்" என்பார், வாங்கிய சராசரி விலைக்கு ஏறட்டும் என்று அர்த்தம். எங்கள் நாலு பேரையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்த கயிறு அந்த வார்த்தைதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை

2025 மார்ச் 30, ஞாயிறு. அன்று கடை திறந்திருந்தது. விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் பதிவு நடந்துகொண்டிருந்த நேரம், லீவு பார்த்தால் கட்டாது. திருத்துறைப்பூண்டிக்கு அந்தப் பக்கம் ஊரில் இருக்கும் பெரியப்பா அதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தார். அவருடைய கட்டை விரல் ரேகை மெஷினில் விழவே இல்லை. வயலில் தேய்ந்த விரல். போனுக்கு ஓடிபி வரவழைத்து ஒருவழியாக முடித்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த வெற்றிலையைத் தொடையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி ஓடி வந்தான். கம்பெனி பங்குச்சந்தைக்கு அறிவித்துவிட்டதாம். அலைக்கற்றை பாக்கியில் 36,950 கோடியை அரசாங்கம் பங்காக எடுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே 2023இல் 16,133 கோடியை அப்படித்தான் எடுத்திருந்தார்கள். இரண்டும் சேர்த்து அரசின் பங்கு 48.99 சதவீதம். விலை? பங்கு பத்து ரூபாய். சந்தையில் அப்போது ஏழு ரூபாய்கூட இல்லை.

"கவர்மெண்டே பத்து ரூபாய்க்கு வாங்குதுண்ணே! நாளைக்கு எங்கேயோ போகப்போவுது" என்றான் தம்பி. நாளைக்கு ரம்ஜான், சந்தை லீவு என்று சித்தப்பா ஞாபகப்படுத்தினார். தம்பியின் முகம் வாடியது. ஆனால் அந்த லீவு எங்களுக்கு நல்லதாய்ப் போயிற்று என்றுதான் சொல்வேன். சந்தை திறந்திருந்தால் விலையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். மூடியிருந்ததால் பேச வேண்டியிருந்தது.

பத்து ரூபாய்க்கு ஏன் என்பதை சித்தப்பா விளக்கினார். பங்கின் முகமதிப்பே, அதாவது பங்கின் மேல் எழுதி வைத்த விலையே, பத்து ரூபாய். அதற்குக் கீழே புதுப் பங்கு வெளியிடக் கம்பெனிச் சட்டம் 53ஆம் பிரிவு விடாது. அதனால் பத்து, அரசாங்கத்துக்குப் பாசம் பொங்கி அல்ல. அப்புறம், இதில் ஒரு ரூபாய்கூடக் கம்பெனிப் பெட்டிக்குள் புதிதாக வரவில்லை. தர வேண்டிய பாக்கிக்குப் பதிலாகப் பங்கு, அவ்வளவுதான்.

அதுவரை பேசாமலிருந்த பெரியப்பா, "அதாவது குத்தகை பாக்கிக்கு நெலத்தையே எழுதி வாங்கிக்கிற மாதிரி" என்றார்.

"அப்படியும் வச்சுக்கலாம்ணே" என்றார் சித்தப்பா.

பெரியப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "அது சரி. அந்தக் கம்பெனியில மொத்தம் எத்தனை பங்கு இருக்கு?"

யாரும் பதில் சொல்லவில்லை. மாமா என்னைப் பார்த்தார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். தம்பி போனில் எதையோ தேய்த்தான். கூகுள் வருமா, பேங்க் கடன் வருமா, தீர்ப்பு எப்போது, வாடிக்கையாளர் எத்தனை கோடி, அடுத்த தவணை எந்தத் தேதி எல்லாம் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். மொத்தப் பங்கு எத்தனை என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"மொத்தம் எத்தனை மான்னு தெரியாமதான் உங்களுக்கு அதுல நெலம் இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்களா?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ஏண்டா, ஊருக்கெல்லாம் சிட்டா எடுத்துக் குடுக்குற. இதுக்கு சிட்டா பாக்கலியா நீ?"

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு மட்டும் முப்பது பேருக்காவது சிட்டா எடுத்துக் கொடுத்திருப்பேன். கூட்டுப் பட்டாவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யாருடைய விஸ்தீரணம் எவ்வளவு என்று விரல் வைத்துப் பார்த்துச் சொல்லுவதுதான் என் பிழைப்பு.

சிஸ்டத்தை மறுபடி போட்டேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் கிடைத்துவிட்டது என்பதுதான் பெரிய வெட்கம். ஆண்டறிக்கை, பங்குச்சந்தையில் தாக்கல் செய்த கணக்கு, எல்லாம் திறந்த வெளியிலேயே கிடந்தது. தப்பாகப் பிரிண்ட் ஆன ஒரு அடங்கல் தாளைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தோம். 2018இல் இணைப்பு முடிந்தபோது மொத்தம் சுமார் 873 கோடிப் பங்கு. 2019 உரிமைப் பங்கில் கூட 2,000 கோடி சேர்ந்து 2,873. இடையில் வந்தது போனது எல்லாம் சேர்ந்து, 2023 பிப்ரவரியில் அரசு முதல் தடவை உள்ளே வந்தபோது 4,868. எஃப்பிஓவில் மட்டும் 1,636 கோடி புதுப் பங்கு. நடுவில் வெளியான மற்றதும், இப்போது அரசாங்கம் எடுக்கிற 3,695 கோடியும் சேர்ந்தால் 10,834 கோடி.

பெரியப்பாவுக்குக் கோடி பிடிபடவில்லை. "மாவுல சொல்லு" என்றார்.

சரி, மாவிலேயே போட்டோம். வேலிக்கு இருபது மா, மாவுக்கு முப்பத்து மூன்று சென்ட். மாமா 2018இல் ஒரு வேலி வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கப்புறம் அவர் ஒரு பங்கும் விற்கவில்லை, வாங்கவும் இல்லை. உரிமைப் பங்குக்குப் பணம் கட்டாததால் அடுத்த வருஷமே அது ஆறு மா. 2023இல் மூன்றரை. இப்போது ஒன்றே முக்கால் மாகூட இல்லை, 1.6.

மாமா தாளை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "நான் எதையும் விக்கலையே" என்றார். அவருடைய டீமேட் கணக்கில் 2018இல் இருந்த அதே எண்ணிக்கை அன்றும் அப்படியே இருந்தது. வரப்பு நகரவே இல்லை, கல் நட்ட இடத்தில் கல் இருக்கிறது. ஆனாலும் ஒரு வேலி ஒன்றரை மா ஆகிவிட்டது. விலை இறங்கியது அவருக்குத் தெரியும், அது தினமும் போனில் சிவப்பாகத் தெரிகிறது. இது தெரியாது. இதற்கு எந்த ஆப்பிலும் நிறம் இல்லை.

ஆறு மா என்று எழுதியதைப் பெரியப்பா விரலால் தொட்டார். தாத்தாவின் ஒரு வேலி மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்தபோது ஆளுக்கு வந்தது ஆறரை மா சொச்சம். சித்தப்பா பேங்க் வேலை கிடைத்ததும் தன் பாகத்தைப் பெரியப்பாவிடமே விற்றுவிட்டார். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

சித்தப்பா கணக்கை ஒத்துக்கொண்டாலும் வாதத்தை விடவில்லை. நியாயமும் அவர் பக்கம் கொஞ்சம் இருந்தது. பாகப்பிரிவினையில் நிலம் கூடாது, ஆள் மட்டும் கூடும். இங்கே புதுப் பங்குக்கு எதிராக ஒன்று வருகிறது. எஃப்பிஓவில் பணம் வந்தது, டவர் போட ஆனது. இப்போது 36,950 கோடிக் கடன் குறைகிறது. அடமானத்தில் இருக்கும் ஒரு வேலியைவிட வில்லங்கம் இல்லாத ஒன்றரை மா மேல் இல்லையா? "வில்லங்கம் இல்லன்னா சரி. தீந்துடுச்சா?" என்றார் பெரியப்பா. தீரவில்லை. அரசாங்கத்துக்கே அப்போது இன்னும் ஏறக்குறைய இரண்டு லட்சம் கோடி பாக்கி இருந்தது. அதில் எவ்வளவு மறுபடி பங்காக மாறும் என்ற பேச்சு அதோடு நின்றுபோனது, யாருக்கும் அந்தத் தாளில் அடுத்த வரியை எழுத மனசு வரவில்லை.

கடைமடை

"ஒருவேளை முழுகிப்போச்சுன்னா?" இதைக் கேட்டது தம்பி. ஆறு வருஷப் பேச்சில் 'பிழைக்காது' கட்சிக்காரரான சித்தப்பாவிடம்கூட இதற்குமேல் யாரும் கேட்டதில்லை. பிழைக்காது என்பதோடு முற்றுப்புள்ளி.

திவால் சட்டத்தில் வரிசை உண்டு என்றார் சித்தப்பா. முதலில் திவால் நடவடிக்கைக்கான செலவு. அப்புறம் அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவர்களும் தொழிலாளர் பாக்கியும். பிறகு மற்ற ஊழியர்கள், அடமானம் இல்லாமல் கொடுத்தவர்கள், அரசாங்க பாக்கி, இதர கடன்கள், முன்னுரிமைப் பங்கு. எல்லோரும் எடுத்துக்கொண்டு மிச்சம் இருந்தால் சாதாரணப் பங்குதாரர். அந்தச் சட்டத்திலும் அது 53ஆம் பிரிவுதான். ஒரு சட்டத்தின் 53 பத்து ரூபாய்க்குக் கீழே தராதே என்கிறது, இன்னொரு சட்டத்தின் 53 கடைசியில் வந்து நில் என்கிறது.

"அப்ப நீங்கள்லாம் கடைமடை" என்றார் பெரியப்பா.

கடைமடையில் பயிர் வைக்கிறவர் சொன்னதால் அந்த வார்த்தைக்கு வேறு கனம் இருந்தது. மேட்டூரைத் திறந்து பூத்தூவுகிற படம் பேப்பரில் வரும். அப்புறம் கல்லணை. தலைமடைக்காரன் நாற்று விட்டுவிடுவான். அவர் ஊர் வாய்க்காலுக்கு ஈரம் எட்டுவதற்குள் நாள் கணக்கு வாரக் கணக்காகிவிடும். "அணையில தண்ணி இருக்கா, தெறப்பானான்னு நீங்க ஆறு வருஷமா பேசுறீங்க. தெறந்தா மேல எத்தனை மதகு இருக்குன்னு யாரும் கேக்கல" என்றார்.

சித்தப்பா தலையாட்டினார். லட்சுமி விலாஸ் வங்கியைச் சொன்னார். 1926இல் கரூரில் ஆரம்பித்தது. 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்தபோது டெபாசிட் போட்டவர்களின் பணம் பத்திரமாக இருந்தது, கிளைகள் திறந்திருந்தன, வங்கி ஒருவகையில் பிழைத்துக்கொண்டது. பங்கு மூலதனம் மட்டும் முழுசாக அழிக்கப்பட்டது. பிழைக்குமா என்ற கேள்விக்கு 'ஆமாம்' என்றுதான் பதில் வந்தது.

எனக்கு அந்த இடத்தில்தான் ஏதோ கழன்றுகொண்ட மாதிரி இருந்தது. நாங்கள் கம்பெனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், அது எங்களுடையது என்ற நினைப்பில். கம்பெனிக்குப் பணம் வந்தால் எங்களுக்கு வந்த மாதிரி என்று. நல்ல செய்தி என்று நாங்கள் டீ குடித்துக் கொண்டாடிய ஒவ்வொரு நாளும் எங்கள் வயல் சுருங்கிய நாள். அதற்காகக் கம்பெனியைக் குறை சொல்லவும் முடியாது. மூழ்குகிறவன் கிடைத்ததைப் பிடிப்பான். எல்லாவற்றையும் எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள், படிக்காதது நாங்கள்.

பெரியப்பாவை ஞானி ஆக்கிவிடக் கூடாது. சித்தப்பாவே விடவில்லை. "நீ மட்டும் என்னண்ணே? போன வருஷம் தண்ணி வந்துடும்னு புழுதியில வெதைச்சியே" என்றார். 2024இல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை, ஜூலை 28 ஆயிற்று. அதற்குள் போட்ட விதையில் பாதி எறும்புக்குப் போய், பெரியப்பா கடன் வாங்கி மறுவிதைப்பு செய்தார். "அதான் எனக்குத் தெரியுதுங்கறேன்" என்று சொல்லிவிட்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை சந்தை திறந்ததும் பங்கு கிட்டத்தட்ட இருபது சதவீதம் ஏறியது. தம்பி கடைக்குள் வந்து ஒன்றும் சொல்லாமல் போனை என் மூக்குக்கு நேரே பிடித்தான். முழுக்கப் பச்சை. மாமா பாதியை விற்றார். நஷ்டத்துக்குத்தான், ஆனால் விற்றார். சித்தப்பா ஆவரேஜுக்குக் காத்திருக்கிறார். தம்பி இன்னும் கொஞ்சம் வாங்கினான்.

மத்தியானம் பெரியப்பாவிடமிருந்து போன். ஏறிவிட்டதாமே என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் யாரோ உளுந்து அடிக்கிற சத்தம் கேட்டது. "ஏம்ப்பா, இப்ப ஒரு அஞ்சாயிரத்துக்கு வாங்கிப் போட்டா என்ன?" என்றார். மொத்தம் எத்தனை என்று மறுபடி சொன்னேன். "ஆங், சரி சரி" என்று வைத்துவிட்டார்.

என்னுடைய 1,298 அப்படியே இருக்கிறது. ஏன் விற்கவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த அடங்கல் தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். போன வாரம் பட்டா மாறுதலுக்கு வந்த ஒருவர் காத்திருந்த நேரத்தில் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டு, "ஒரு வேலி, ஆறு மா, மூன்றரை, ஒன்றரை... யாரு வீட்டுப் பாகம்ணே இது? பங்காளிங்க ரொம்ப இருக்காங்க போலிருக்கே" என்றார்.